காலை ஆறு மணிக்குச் சூடாக இருந்த ஸ்கூட்டர்

தரக்கட்டுப்பாட்டு அறையில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சரிதானா என்று இரண்டு பேரிடம் தனித்தனியாகப் போன் செய்து கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒன்பதில் நால்வர் புதியவர்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அதே அறையில், ஜன்னலோர மேசையில், முப்பத்துநான்கு வருடம் ஏழு மாதம் உட்கார்ந்திருந்தவன். வெளியிலிருந்து வருகிற உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டும் தப்பாக இருந்தால் சிவப்புச் சீட்டும் கட்டுவது என் வேலை. எதையும் எண்ணிக்கொண்டே இருப்பதால் எனக்கு 'மீட்டர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் குறைந்தது இருபது பேர்.

அனுபவங்களை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டபோது, மைக்ரோமீட்டரை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. நான் எழுதப்போவது, ஓய்வு பெற்ற ஏழாவது மாதம் பட்டாபிராமுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கப் போய் நாற்பது நிமிடத்தில் செய்த தவறைப் பற்றி. வேலையில் இருந்தபோது நான் செய்த தவறுகள் ஆறு. அந்த ஆறையும்விட இதில்தான் நம் தொழில் அதிகம் இருக்கிறது.

முதலில் ஒரு பழைய விஷயம் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த மூன்றாம் வருடம், திருமுல்லைவாயல் பக்கம் ஒரு சின்னப் பட்டறையிலிருந்து நமக்கு வாஷர் வந்துகொண்டிருந்தது. ஒரு அவசரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நின்றேன். "இன்னிக்குக் காலையில அடிச்சது சார், சுடச்சுட எடுத்துகினு போங்க" என்று பட்டறைக்காரர் பெட்டியைத் தள்ளினார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிரஸ் மெஷினின் மோட்டார் மேல் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அன்று அந்த மெஷின் ஓடவே இல்லை. பெட்டியில் இருந்தது, போன மாதம் நாம் திருப்பி அனுப்பிய அதே சரக்கு. சிவப்புச் சீட்டுக் கட்டிவிட்டு வந்தேன்.

அதிலிருந்து, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு விஷயம் சொல்லிவந்தேன். போகிற நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதே. மெஷினைத் தொட்டுப் பார், சூடு பொய் சொல்லாது. என் கணக்கில் இருபத்தேழு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த இருபத்தேழு பேரில் ஒருவர்கூட இதைப் படிக்க வேண்டாம் என்பது என் ஆசை.

ஸ்கூட்டர் எனக்காக வாங்கியது அல்ல. என் மனைவி கஸ்தூரிக்காக. அவள் செவிலியர். மேனாம்பேட்டில் பழைய குடும்பம், அங்கேயே பிறந்து வளர்ந்தவள். முப்பத்தாறு வருடம் நர்சாக இருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றாள். அடுத்த இரண்டாவது மாதமே ஆவடியில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. சொந்த வண்டியும் ஓட்டுநர் உரிமமும் கட்டாயம். முதல் தேதிக்குள் இரண்டையும் காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இதே மாதிரி வேலை பத்தொன்பது வருடத்துக்கு முன்னாலும் ஒன்று வந்தது. அப்போது எனக்கு இரவு ஷிப்ட், மகள் பள்ளிக்கூடத்தில். வேண்டாம் என்று கஸ்தூரியே சொல்லிவிட்டாள். சொன்னது அவள் வாய், சொல்ல வைத்தது என் ஷிப்ட். அதனால் இந்த முறை அவள் வாயைத் திறக்கும் முன்பே, "வண்டி என் பொறுப்பு" என்றேன்.

"புதுசு வேணாங்க" என்றாள். "கத்துக்கிறவளுக்கு எதுக்குப் புது வண்டி? ஒரு கீறல் விழுந்தா நீங்க ஒரு மாசம் அதையே பாத்துக்கிட்டு நிப்பீங்க."

பழகுநர் உரிமம் வாங்கிவிட்டாள். தேர்வுக்கு ஒரு வியாழக்கிழமையைக் கொடுத்தார்கள். முதல் தேதிக்கு முன்னால் கிடைத்தது அந்த ஒரு வியாழக்கிழமைதான். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, நான் பட்டாபிராமுக்குப் போனேன்.

கையில் அறுபத்துநான்கு வரிகள் கொண்ட பட்டியல் வைத்திருந்தேன். டயரின் தேய்மானம், பிரேக், விளக்கு, ஆவணங்கள், கண்ணாடியில் கீறல் வரை எல்லாம். விற்கிறவன் மதுரைப் பக்கத்துப் பையன், கணினி வேலை, அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. முந்தின இரவே அவனுக்குப் போன் செய்து, "சரியாகப் பத்தரைக்கு வருவேன்" என்று சொல்லியிருந்தேன். பத்து இருபத்தொன்பதுக்குக் கேட்டுக்குள் நுழைந்தேன்.

வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. "உங்களுக்காகத்தான் அங்கிள், பத்து மணிக்கே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டு ரெடியா வச்சிருக்கேன்" என்றான்.

"வெரி குட்" என்றேன்.

இப்படிச் சொன்னேன் என்பதை உங்களிடம் மறைக்கலாம். மறைக்கவில்லை. இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். இதமான சூடு. பட்டியலில் இருபத்திரண்டாவது வரிக்கு எதிரே 'இன்ஜின்: சூடு, நன்று' என்று எழுதி டிக் அடித்தேன். பொத்தானை அழுத்தினேன், அரை வினாடியில் ஸ்டார்ட் ஆனது. அறுபத்துநான்கில் அறுபத்தொன்று சரி. பிரேக் கட்டை, ஒரு கேபிள், ஹாரன் மூன்றும் மாற்ற வேண்டும். எட்டு வருடத்து வண்டிக்கு இது நல்ல மதிப்பெண். அந்தப் பையனே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, என்னைப் பின்னால் வைத்து, மேனாம்பேட்டில் எங்கள் குடியிருப்பின் கீழே விட்டுவிட்டுப் போனான். அதனால் வழியெல்லாம் அது சூடாகவே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழகப் போவதாகத் திட்டம். கஸ்தூரி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நான் கீழே இறங்கிப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். இன்ஜின் இருமியது, அணைந்தது. கிக்கரை உதைக்க ஆரம்பித்தேன். நாற்பத்தேழாவது உதையில் பிடித்தது. அதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. கஸ்தூரி இறங்கி வந்தபோது வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கம் காலி மனைகளில் அவள் முக்கால் மணி நேரம் பழகினாள். இளவயதில் சைக்கிளில் டியூட்டிக்குப் போனவள், அதனால் உடம்பு சமநிலையை மறக்கவில்லை. எனக்கு உரிமம் இருக்கிறது. மொபெட் ஓட்டிய காலத்தில் வாங்கியது, தவறாமல் புதுப்பித்திருக்கிறேன். வாழ்க்கையில் மொத்தம் பதினோரு நாள் ஓட்டியிருக்கிறேன். சட்டப்படி துணை நான்தான், ஆகவே பின்னால் உட்கார்ந்து போனேன்.

அன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிற வியாதி இது. ஆயுள் முழுவதும் அடுத்தவன் தவறைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்குத் தன் தவறைச் சொல்ல நாக்கு வராது. அடுத்த நாளும் ஐந்து மணிக்கே எழுந்து, பால் வாங்கப் போவதாக முணுமுணுத்துவிட்டு, கீழே போய் உதைத்தேன். முப்பத்தொன்று. செவ்வாய், ஐம்பத்திரண்டு. இப்படி வெள்ளி வரை ஆறு நாள். ஆறு மணிக்கு அவள் வந்து பொத்தானைத் தொட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். "பரவால்லியே, சொன்ன பேச்சு கேக்குது" என்பாள்.

சனிக்கிழமை காலை அவள் சாவியைப் போடவில்லை. குனிந்து, புறங்கையை இன்ஜின் பக்கத்தில் வைத்தாள். முப்பத்தாறு வருடம் நெற்றிகளில் வைத்துப் பழகிய கை.

"இன்னாங்க இது?"

"எது?"

"வண்டிக்குக் காய்ச்சல் அடிக்குது."

"வெயில் பட்டிருக்கும்."

"ஆறு மணிக்கு இன்னா வெயிலு? பக்கத்துல நாலு வண்டி சில்லுனு கீது. இது மட்டும் நூத்தி ரெண்டு."

கஸ்தூரி பொதுவாக மருத்துவமனைத் தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் மேனாம்பேடு வந்துவிடும். 'கீது' வந்துவிட்டது என்றால் உண்மையைச் சொல்வதுதான் உத்தமம். சொன்னேன். அன்றையதோடு சேர்த்து ஏழு நாள், உதைகளின் எண்ணிக்கை உட்பட.

அவள் கத்தவில்லை. "முதல் தேதி காலைல ஒரு பெரியவரு, சக்கரை ஊசி போடணும்னு வெறும் வயித்தோட உக்காந்துகினு இருப்பாரு" என்றாள். "நான் இங்க கிக்கர ஒதைச்சிகினு இருந்தா, அவருக்கு நீங்க போய் பதில் சொல்லுவீங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சோதனைக்கு வருகிறவர் கண்ணில் படாமல் மெஷினைச் சூடு பண்ணி வைத்திருந்தவன் நான். திருமுல்லைவாயல் பட்டறைக்காரருக்குக்கூட இவ்வளவு தோன்றவில்லை.

கோபத்தை வேறு யார் மீதாவது காட்ட வேண்டுமே. பட்டாபிராம் பையனுக்குப் போன் செய்து, ஏமாற்றிவிட்டாய் என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள், காலையில ஸ்டார்ட்டிங் ட்ரபிள் இருக்கத்தான் செஞ்சுச்சு. பிளக் மாத்தினேன், பேட்டரி மாத்தினேன், சரியாகல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பத்து மணிக்கே ஸ்டார்ட் பண்ணி வச்சேன்னு நானேதான் சொன்னேன். நீங்க வெரி குட்னு சொன்னீங்க."

அறுபத்துநான்கு கேள்விகளில் 'ஏன் விற்கிறாய்' என்பதும் இல்லை, 'காலையில் முதல் தடவை எப்படி எழும்புகிறது' என்பதும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

மேனாம்பேடு சாலைத் திருப்பத்தில் ஒரு மெக்கானிக் கடை இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். சொன்னால் இன்னும் நாலு பழைய வண்டி வாசலில் வந்து நின்றுவிடுமாம். நாங்கள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், இன்ஜின் மேல் கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

"இன்னா நைனா, சூடா இட்டுகினு வந்துகீற?"

"ஓட்டிக்கொண்டுதானே வர முடியும்?"

"காய்ச்சல்ல கீற புள்ளைக்கு மாத்திரைய குடுத்துட்டு டாக்டராண்ட தூக்கினு போனா, அவரு இன்னாத்த பாப்பாரு? வண்டிய வுட்டுட்டு நடந்து போ. ராத்திரி பூரா ஆறட்டும். காலைல ஏழு மணிக்கு நான் கடைய தொறக்கறப்ப வா."

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றாள் கஸ்தூரி. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். மாத்திரை கொடுத்தவன் ஓரமாக நின்றேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். எழும்பவில்லை. அவர் முகத்தில் ஒரு திருப்தி. "இப்பத்தான் வாயத் தொறக்குது" என்றார். இருபது உதைக்குப் பிறகு திணறித் திணறி ஓட ஆரம்பித்தது. இருக்கைக்குக் கீழே கையை விட்டு, பெட்ரோலும் காற்றும் கலந்து இன்ஜினுக்குள் போகிற ஒரு சின்ன ரப்பர் குழாயின் மேல் ஈரத் துணியைச் சுற்றினார். திணறல் நின்றது. துணியை எடுத்தார். மறுபடி திணறியது.

குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீதான் பெரிய இன்ஸ்பெக்டராமே. கண்டுபுடி."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். ஒரு குறையும் இல்லை.

"குறை எதுவும் தெரியவில்லையே" என்றேன்.

வாங்கி, இரண்டு கையாலும் வளைத்தார். நடுவில் ஒரு விரிசல் வாயைத் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. "ஆறிப்போனா ரப்பரு வெறைக்கும், வெறைச்சா பொளக்கும், காத்து பூந்துரும். சூடானா இளகி ஒட்டிக்கும். சும்மா குந்திகினு கீறப்ப எல்லாமே நல்லாத்தான் கீது நைனா. வளைச்சுப் பாரு."

இதை உங்கள் அறைச் சுவரில் எழுதி ஒட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேசை மேல் படுத்திருக்கிற பாகத்தை அளந்து பாஸ் போடுவது சுலபம். வண்டியில் மாட்டி, ஆட்டி, குளிரிலும் சூட்டிலும் அது என்ன செய்கிறது என்று கேட்பதுதான் நம் வேலை. இதை நான் தெரிந்துகொண்டது, ஓய்வு பெற்ற பிறகு, ஒரு எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்து.

ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகக் கடைகள் இல்லை. திங்கள் காலை பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் அந்த ரப்பர் குழாயில் ஐந்து எடுத்துப் போட்டார், எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. நான் பையைத் திறந்து, ஓய்வு பெற்ற அன்று நீங்களெல்லாம் சேர்ந்து எனக்குக் கொடுத்த வெர்னியர் அளவுகோலை எடுத்தேன்.

"இன்னா அண்ணாத்தே, நகை எடுக்க வந்துகீறியா?" என்றார் கடைக்காரர். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒவ்வொரு குழாயின் வாயையும் இந்தப் பக்கம் அளந்தேன், திருப்பி அந்தப் பக்கம் அளந்தேன். ஐந்தில் மூன்று வட்டமாகவே இல்லை, முட்டை வடிவம். மாட்டினால் ஓரத்தில் காற்று புகும். மீதி இரண்டையும் வளைத்துப் பார்த்தேன். ஒன்றில் நெருக்கிப் பார்த்தால் தெரிகிற ஒரு கோடு. ஐந்தாவதை எடுத்துக்கொண்டேன். "ரப்பருக்கு ஸ்கேல் வச்சு பாத்த மொத ஆளு நீதான்" என்று சொல்லிச் சில்லறை கொடுத்த கடைக்காரர், நான் படி இறங்கும்போது ஒதுக்கப்பட்ட நான்கையும் தன் கையால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கிடம் கதையைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார். "இதுவரைக்கும் ரெண்டு வண்டிக்குப் புது ரப்பரு போட்டும் அடங்கல. ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். ஒன்பது நாளில் நான் பெற்ற முதல் மரியாதை அது. அந்தத் தெம்பில், நானே மாட்டுகிறேன் என்றேன். குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தைக் காட்டி, ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தார்.

"எத்தனை சுற்று முறுக்க வேண்டும்?"

"எண்ணாத. கையால திருப்பினா நகரக் கூடாது, ரப்பரு பிதுங்கவும் கூடாது. அவ்ளோதான். நிறுத்து, நிறுத்து! அத கொன்னுடாத!"

பிரேக் கட்டை, கேபிள், ஹாரன் மூன்றும் அன்றே மாறின. கேபிள் மாட்டியதும் நான்தான். கையில் மூன்று இடத்தில் கீறல். செவ்வாய் காலை, ஆறிய வண்டி, கஸ்தூரி முன்னிலையில்: நான்கு வினாடியில் எழும்பியது. புதன் காலை: மூன்று வினாடி.

புதன் மாலை, கீழ்வீட்டுக்காரர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர், நான் ஒரு வாரம் விடிகாலையில் உதைத்த சத்தத்தில் தூக்கம் கெட்டவர். "சார், நாளைக்கு என் வண்டிய எடுத்துகினு போங்க. வாங்கி மூணு மாசந்தான் ஆவுது. டெஸ்ட்ல நடுவுல நின்னு கின்னு வச்சா மேடத்துக்குத்தான் கஷ்டம். இதவுட்டா வேற தேதியும் கெடையாது" என்றார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. எனக்கும் அதுதான் பாதுகாப்பாகத் தோன்றியது. இரண்டே இரண்டு மாதிரியைப் பார்த்து நான் எந்தச் சரக்கையும் பாஸ் செய்ததில்லை, குறைந்தது பத்து வேண்டும். கஸ்தூரியைப் பார்த்தேன். "பொறுப்பு உங்களுது. நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அப்போது நம் பிரஸ் பிரிவில் வேலை பார்த்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு முறை நான் சந்தேகம் சந்தேகம் என்று அவர் அடித்த நல்ல சரக்கையே இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். உற்பத்தி லைன் நின்றது. அறை வாசலில் வந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "மாமே, உன்ன குந்த வச்சதுக்குப் பதிலா கதவுக்கு ஒரு பூட்டு போட்டிருக்கலாம். அது இன்னும் நல்லா நிறுத்தும்." அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சரக்கை அளந்து பார்த்ததில் ஒன்றுகூடத் தப்பில்லை. பயத்தில் தள்ளுவதும் தவறான முடிவுதான் என்று அன்றைக்குத் தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கீழ்வீட்டு வண்டி நல்லது, ஆனால் கஸ்தூரியின் கை அதற்குப் பழகவில்லை. கனம் வேறு, திரும்பும் விதம் வேறு. எங்கள் வண்டியில் குறை என்னவென்று தெரியும், அது எங்கே இருந்தது என்று கண்ணால் பார்த்தேன், மாற்றிய பாகத்தை அளந்தவன் நான், மாட்டியவனும் நான். காரணம் தெரிந்து சரி செய்ததற்கு இரண்டு மாதிரி போதும். காரணம் தெரியாமல் சரியானதற்குத்தான் இருபது வேண்டும்.

"ரொம்ப நன்றி. எங்கள் வண்டியிலேயே போகிறோம்" என்றேன். சமையலறையில் அரிசி களையும் சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது.

சொல்லிவிட்டேனே தவிர, இரவெல்லாம் மழை. ஈரம், குளிர். ஐந்து மணிக்கு என் கால்கள் தாமாகக் கீழே இறங்கிவிட்டன. சாவியைப் போட்டேன். நாலு உதை உதைத்தால் போதும், ஏழு மணிக்குச் சந்தேகமே இருக்காது. யாருக்கும் தெரியாது. நான்கு நிமிடம் நின்றேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். ஏழு மணிக்கு எழும்பாது என்றால் அது ஏழு மணிக்கே தெரியட்டும். முதல் தேதி அந்தப் பெரியவருக்குத் தெரிய வேண்டாம்.

கஸ்தூரி கதவருகே நின்றிருந்தாள். "பால் வாங்கப் போனீங்களா?"

"ஆமா."

"பால் எங்க?"

"கடை திறக்கவில்லை."

என் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை இரண்டையும். "சில்லுனுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

ஏழு மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள். நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். ஐந்து என்று நான் வாயைத் திறந்தபோது இன்ஜின் எழும்பி, திணறாமல், ஒரே சீராக ஓடியது. ஜன்னலிலிருந்து கைதட்டல் கேட்டது.

தேர்வு மைதானத்தில் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். தரையில் போட்டிருந்த எட்டைச் சுற்றிவர வேண்டும், கால் தரையில் படக் கூடாது. கஸ்தூரிக்கு முன்னால் போன பதினெட்டுப் பேரில் ஏழு பேர் கால் ஊன்றித் தோற்றார்கள். அப்படித் தோற்று வந்த ஒரு கல்லூரி இளைஞன் அவளைப் பார்த்து, "ஆயா, பயப்படாத. கண்ண மூடிகினு வுடு" என்றான்.

"நீ அப்டித்தான் வுட்டியா ராஜா? அதான் கால ஊனிட்ட" என்றாள். சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

இரண்டே கால் மணி நேரம் தூறலில் நின்று வண்டி முழுவதும் ஆறியிருந்தது. அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பொத்தானை அழுத்தினாள். இரண்டு வினாடி. மெதுவாகப் போனாள். முதல் வளைவு. நடுக் கோட்டைத் தாண்டினாள். இரண்டாவது வளைவில் ஈரத்தில் பின்சக்கரம் ஒரு விரல் அளவு நழுவியது. அவள் கால் அசைந்தது. இறங்கவில்லை. மறுபடி நடுக் கோடு. அவள் செருப்பு தரையைத் தொட்ட எண்ணிக்கை: பூஜ்யம். என் வாழ்நாளில் நான் எண்ணியதிலேயே அழகான எண்.

"பாஸும்மா, எறங்குங்க" என்றார் அதிகாரி.

"இன்னொரு தபா போட்டுக் காட்டவா சார்?"

"வேணாம்மா. அடுத்த ஆள்!"

முதல் தேதி காலை ஆறு இருபதுக்குக் கிளம்பினாள். நான் கீழே இறங்கவில்லை. மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வினாடி. வண்டிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மதியம் ஒன்றரைக்குத் திரும்பினாள். "எட்டு வீடு. மொத ஊசி ஆறே முக்காலுக்கு. எண்ணிக்கோங்க" என்று சாவியை என் கையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

நான் கீழே போய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. இந்த முறை யார், எதற்காகச் சூடு பண்ணினார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற அன்று, உங்களிடம் சொல்லிவிட்டுத்தான், ஞாபகத்துக்கு ஒரே ஒரு பச்சைச் சீட்டை எடுத்துவந்தேன். அதை எடுத்துப் போய் வண்டியில் சாவி போடும் துளைக்குப் பக்கத்தில் கட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கஸ்தூரி பார்த்துச் சிரித்தாள், கழற்றவில்லை. மூன்று மாதமாக எட்டு எட்டு வீடாக அந்தச் சீட்டோடுதான் சுற்றுகிறாள். மழையில் என் கையெழுத்து முழுவதும் கலைந்துவிட்டது. அங்கே என் பழைய மேசை இழுப்பறையில் இடது பக்கம், இரண்டாவது தட்டில் பச்சைச் சீட்டு இருக்கும். எனக்கு இன்னொன்று கொடுத்தனுப்புங்கள். ஒன்று போதும்.